தங்கப் பிளக்கும் கரகரத்த பாட்டும்

போன மாதம் கிழக்கு இலண்டனிலிருந்து ஒரு தம்பி தொலைபேசி எடுத்தார். "அண்ணை, ஸ்பீக்கர் கரகரவெண்டு இரையுது. தங்கப் பூச்சுப் பிளக் போட்டால் சத்தம் துலங்குமாம். எண்பது பவுண். வாங்கட்டோ?"

இரவு வேலையில் கண் முழித்து உழைத்த காசு. "பொறும், வந்து பார்க்கிறன்" என்றேன்.

தங்கம் என்றால் எங்கள் சனத்துக்கு எப்போதும் ஒரு மயக்கம்தான். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் வெள்ளி முதலாவது, செம்பு இரண்டாவது, அதற்குப் பிறகுதான் தங்கம். இந்நாட்டுப் பிளக்கின் கால்கள் பித்தளை. அது செம்பைப்போல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் கடத்தும். அதனால் நட்டமில்லை. கால்கள் தடிப்பானவை, மின்சாரம் அவற்றில் ஓடும் தூரம் இரண்டு சென்ரிமீற்றரும் வராது. சுவருக்குள் இருப்பதோ பல மீற்றர் செம்புக் கம்பி. அம்பிளிபயரும் வருகிற 230 வோல்ற்றை அப்படியே ஸ்பீக்கருக்கு விடுவதில்லை. இறக்கி, நேரோட்டமாக்கித்தான் பாவிக்கிறது. பிளக்கின் உலோகம் உங்கள் காதுவரை வராது.

தங்கத்தின் குணம் கறுக்காமை. பிளேயரிலிருந்து அம்பிளிபயருக்குப் போகும் சிறு வயர்களின் முனையில் அது இருந்தால் நல்லது. அங்கே ஓடுவது ஒன்றிரண்டு வோல்ற் மட்டுமே.

தம்பியின் அறையில் நான் கண்டது வேறு. அம்பிளிபயரும் 2 கிலோவாற் ஹீற்றரும் ஒரே நீட்டு வயரில். ஹீற்றரைப் போட்டதும் கரகரப்புக் கூடியது. சுவர்ச் சொக்கற்றில் பிளக் ஆடியது. கழற்றினால் ஒரு காலடியில் தவிட்டு நிறக் கருகல்! ஹீற்றர் இழுப்பது ஏறக்குறைய 9 அம்பியர். தளர்ந்த தொடுப்பில் 0.2 ஓம் தடை இருந்தாலே 15 வாற் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் பிறக்கும், ஈயம் ஒட்டும் சிறிய அயனைப்போல. தீப்பிடிக்க அது போதும். உள்ளே பறந்த பொறிதான் ஸ்பீக்கரில் கேட்டது.

பிளக் சுட்டால், ஆடினால், கருகினால் உடனே பாவிப்பதை நிறுத்துங்கள். வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாடகைக்கு விடுபவர் குறைந்தது 5 வருடத்துக்கு ஒருமுறை மின்னிணைப்புகளைத் தகுதியானவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள், உங்கள் அகதி விண்ணப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பியூஸ் போனால் சிகரெட் தாள் சுற்றும் ஊர்ப் பழக்கமும் வேண்டாம். 700 வாற்றுக்கு உட்பட்ட பாட்டுப்பெட்டிக்கு 3 அம்பியர் பியூஸ் போதும்.

சொக்கற் மாறியது, கரகரப்பு நின்றது. ஹீற்றர் இப்போது தனிச் சொக்கற்றில்.

அடுத்த இதழில்: பழைய சாமான் வாங்கும்போது வயரைப் பார்ப்பது எப்படி?