வலிப்பும் நாடாப்புழுவும்: மறைத்தது போதும்

வலிப்பு கண்ட பிள்ளையை வீட்டுக்குள் மறைத்து வைப்பது நம் சமூகத்தில் நெடுநாள் வழக்கம். பசுந்தாங் ஓடைக்கரையில் அரிசி ஆலைகளை நம்பி வாழ்ந்த நாளிலும், 1964க்குப் பின் உடைமைகளை இழந்து கப்பலேறித் தமிழகத்தில் குடியேறிய நாளிலும் இவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. பேய் பிடித்தது என்பர், பூசாரியை அழைப்பர், பெண்ணாயின் திருமணப் பேச்சையே நிறுத்திவிடுவர். சட்டமும் இக்கொடுமைக்குத் துணை நின்றது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக இருந்த விதி 1999ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

மறைக்கப்படும் இந்நோய்க்குப் பல வேளைகளில் காரணம் ஒரு புழுவே என்பதை நம்மவர் அறிதல் வேண்டும். 1980களில் இந்தியாவில் வலிப்புக்காரரின் மூளைப் படத்தில் சிறு கட்டி தென்பட்டால் அதைக் காசநோய்க் கட்டியென்று கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அக்கட்டிகளை எடுத்துச் சோதித்து, பல கட்டிகள் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவப் பைகளே என்று 1989இல் எழுதினர். அதே நிறுவனத்தின் மருத்துவர் வேதாந்தம் ராஜசேகர் தலைமையிலான குழு வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் கணக்கெடுத்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஆயிரம் பேரில் ஏறக்குறைய நால்வருக்கு வலிப்பு இருந்தது; அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்க்கு இப்புழுவே காரணம்.

“நாங்கள் பன்றி இறைச்சி உண்பதில்லை, எங்களுக்கு எப்படி வரும்?” என்று கேட்போர் பலர். சரியாக வேகாத இறைச்சியை உண்பவர் குடலில் புழு வளரும். அவரது மலத்தோடு ஆயிரக்கணக்கான முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, அசுத்த நீர், பச்சைக் கீரை வழியாக அம்முட்டை பிறர் வயிற்றுக்குள் போனால், அதிலிருந்து வெளிப்படும் குஞ்சு இரத்தத்தில் கலந்து தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் செல்லும். ஆகவே சைவ உணவுக்காரரும் இந்நோய்க்கு ஆளாகலாம். புழு இருப்பவர் பெரும்பாலும் எந்த வேதனையும் உணரார். நமக்குச் சோறாக்கிப் போடுபவராகவும் இருக்கலாம்.

அகதிகளாகிய நமக்கு இது தனிக் கவலைக்குரியது. அமெரிக்காவில் குடியேற்றப்பட்ட அகதிகளின் இரத்தத்தைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வில், பர்மாவிலிருந்து சென்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இப்புழுவின் இளம்பருவத்திற்கு எதிரான அடையாளம் காணப்பட்டது. பூட்டானியர், புருண்டியர் நிலையும் ஏறத்தாழ அவ்வாறே. இரத்தத்தில் அடையாளம் உள்ளவர் அனைவரும் நோயாளிகள் அல்லர். புழுவின் முட்டை அவர்களை ஒருகாலத்தில் எட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். நெருக்கமான குடியிருப்பும் கழிப்பறைப் பற்றாக்குறையும் எங்குள்ளனவோ அங்கெல்லாம் முட்டை பரவ வழியுண்டு. இதை ஓர் இனத்தின் இழிவாகப் பேசுவோர்க்கு இதுவே நம் மறுமொழி. வறுமையால் வந்த நோய்க்கு வெட்கப்பட வேண்டியோர் கழிப்பறை கட்டித் தராதவரே.

மருந்து இருக்கிறது. குடலிலுள்ள புழுவை மாத்திரையால் வெளியேற்றலாம். மூளையில் தங்கிய பைகளுக்கும் மருத்துவம் உண்டு. சில தாமே கரைந்து மறையும். ஆயினும் வலிப்பு உள்ளவர் புழு மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்கலாகாது. மூளைக்குள் பை சாகும்போது வீக்கம் எழுந்து வலிப்பு மிகும். மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் தேவை. வெளிநாடு செல்லுமுன் முகாம்களில் புழு மருந்து தரப்படும்போது, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டால் உண்மையை மறைக்காமல் கூறுங்கள். பயணம் தடைபடுமென்று அஞ்சிப் பொய் சொல்வது உயிருக்கே கேடாகும்.

நம் சங்கங்கள் செய்ய வேண்டியவை மூன்று. ஒவ்வொரு குடியிருப்பிலும் கழிப்பறையும் கை கழுவ நீரும் கேட்டு அதிகாரிகளிடம் மனுக் கொடுத்தல் முதலாவது. வலிப்பு கண்டோரை மூளைப் படம் எடுக்கும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழித்துணையும் செலவும் அளித்தல் இரண்டாவது. வலிப்புக்காரர் வீட்டில் அனைவரையும் புழுவுக்காகச் சோதிக்கச் செய்தல் மூன்றாவது. கோயில் திருவிழாவுக்குத் தண்டல் செய்யத் தெரிந்த நமக்கு இவை அரிய காரியங்கள் அல்ல. வீட்டின் மூலையில் ஒளித்து வைக்கப்பட்ட அப்பிள்ளை பள்ளி செல்லவும் மணம் புரியவும் உரிமையுள்ளவர். அவ்வுரிமையைத் திருப்பித் தருவது நம் கடமை.