அறிக்கையில் விடுபடும் ஒரு வரி

ட்ரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோயின் பயாப்சி அறிக்கையில் ஈஆர், பிஆர், ஹெர்2, கட்டியின் தரம் எல்லாம் தவறாமல் வருகின்றன. கட்டியின் ஸ்ட்ரோமாவில் லிம்போசைட்டுகள் எவ்வளவு இருந்தன என்ற வரி மட்டும் பல அறிக்கைகளில் விடுபடுகிறது. அதை நோயியல் மருத்துவர்கள் எழுத வேண்டும், புற்றுநோய் மருத்துவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

கூடுதல் செலவு எதுவும் இல்லை; வழக்கமான எச்-இ ஸ்லைடே போதும். பன்னாட்டுப் பணிக்குழு 2014-இல் வகுத்த முறைப்படி, ஊடுருவிய கட்டியின் எல்லைக்குள் உள்ள ஸ்ட்ரோமாவில் எத்தனை சதவீதப் பரப்பை லிம்போசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் நிறைத்துள்ளன என்று மதிப்பிட வேண்டும். நியூட்ரோஃபில்கள் சேராது. நெக்ரோசிஸ் உள்ள இடங்களும் டிசிஐஎஸ்-ஐச் சூழ்ந்த இடங்களும் கணக்கில் இல்லை. அடர்ந்த ஒரே இடத்தை வைத்து எண் போடக் கூடாது, சராசரிதான் வேண்டும்.

அந்த எண்ணின் கனம் சாதாரணமானதல்ல. கீமோவே பெறாத 1,966 நோயாளிகளின் தரவுகள் 2024-இல் வெளியாயின. முதல் நிலை நோயில் லிம்போசைட் அளவு 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 94 சதவீதத்தினர் ஐந்தாண்டுகள் தொலைப்பரவலின்றி இருந்தனர். 30-க்குக் கீழ் இருந்தவர்களில் 78 சதவீதத்தினர்.

எண்ணோடு இடமும் முக்கியம். ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் டிஜிஎஃப்-பீட்டாவின் தூண்டலில் கொலாஜனை அடர்த்தியாகப் படியவைத்தால், டி செல்கள் விளிம்பிலேயே தேங்கிவிடுகின்றன. உள்ளே நுழைந்தவற்றையும் சில மேக்ரோஃபேஜ்கள் அடக்கிவிடும். ஆகவே செல்கள் விளிம்பில் மட்டும் திரண்டிருந்தால் அதையும் தனியே குறிப்பிடுங்கள்.

சிகிச்சை முடிவில் மட்டும் அவசரம் வேண்டாம். கீநோட்-522 ஆய்வில், அறுவைக்கு முன் கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தபோது கட்டி முழுமையாக மறைந்தவர்கள் 51.2-லிருந்து 64.8 சதவீதமாக உயர்ந்தனர். பிடி-எல்1 இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயன் கிடைத்தது. பரவிய நோயிலோ பிடி-எல்1 மதிப்பெண்ணான சிபிஎஸ் 10-ஐ எட்டியவர்களுக்கே தெளிவான பலன். லிம்போசைட் குறைவு என்று தொடக்கநிலை நோயாளிக்கு இம்மருந்தை மறுக்கவோ, மிகுதி என்று கீமோவைக் குறைக்கவோ இன்றைய சான்றுகள் போதா.

ஆனாலும் சிகிச்சையைக் குறைக்கலாமா என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. பெம்ப்ரோலிசுமாபால் அட்ரீனல் சுரப்பி செயலிழந்த இளம்பெண் வாழ்நாள் முழுக்க ஹைட்ரோகார்டிசோன் எடுக்க நேரலாம். யாருக்குக் குறைவான சிகிச்சை போதும் என்று நம் நோயாளிகளை வைத்தே ஆராய, அவர்களின் பயாப்சியிலேயே இந்த எண் பதிவாகியிருக்க வேண்டும். “ஓரளவு”, “மிதமாக” என்ற சொற்கள் அதற்கு உதவா. சதவீதமாக எழுதுங்கள், பழகும் வரை இருவர் தனித்தனியே பார்த்து ஒப்பிடுங்கள்.