வேலையை விட்டாச்சு, கடைசி மாத சிபிஎஃப் வந்துச்சா?

2025 அக்டோபர் 29ஆம் தேதி ட்வெல்வ் கப்கேக்ஸ் கடைகள் எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டன. நிறுவனம் தற்காலிகக் கலைப்பாளர்களின் கைக்குப் போனது. அதற்கு முந்திய 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் 3,000க்கும் அதிகமான உணவு, பானக் கடைகள் மூடப்பட்டன. தேக்காவைச் சுற்றி ஒரு நடை போனாலே பெயர்ப்பலகை மாறிய கடைகள் கண்ணில் படும்.

கடை மூடினாலும் சரி, நாமே ராஜினாமா கடிதம் கொடுத்தாலும் சரி, முதலில் கேட்பது சம்பளத்தைத்தான். மத்திய சேமநிதியைப் பற்றி, அதாவது நாம் எல்லாரும் சிபிஎஃப் என்று சொல்கிற அந்தப் பணத்தைப் பற்றி, பலர் கேட்பதே இல்லை. "அது தானா போயிடும்" என்ற நம்பிக்கை. பெரும்பாலும் போய்விடும். ஆனால் போகாமல் விடுபட வாய்ப்புள்ள மாதம் எது என்றால், அது கடைசி மாதம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் 3,000 வெள்ளி சம்பளத்தில் வேலை செய்யும் 30 வயதுச் சிங்கப்பூரர். மாதாமாதம் அவர் சம்பளத்தில் 20 விழுக்காடு, 600 வெள்ளி, பிடிக்கப்படும். முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 510 வெள்ளி, போடவேண்டும். மொத்தம் 1,110 வெள்ளி. ஒரு மாதம் விடுபட்டால் போவது இவ்வளவு.

முதலாளி அந்த மாதத்துச் சந்தாவை மாத இறுதிக்குள் கட்டவேண்டும். அடுத்த மாதம் 14ஆம் தேதிவரை அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் மாதத்துக்கு 1.5 விழுக்காடு வட்டி. ஆக, அக்டோபரில் வேலையை விட்டவர் நவம்பர் முதல் வாரத்தில் பதறத் தேவையில்லை. நவம்பர் 14ஆம் தேதி தாண்டி ஓரிரு நாளில் சிங்பாஸ் மூலம் உள்ளே போய், சந்தா வரலாற்றைப் பார்த்தால் போதும். 14ஆம் தேதி வாரயிறுதியிலோ பொது விடுமுறையிலோ வந்தால், அடுத்த வேலை நாள்வரை பொறுத்திருங்கள்.

குழப்பம் வருவது கடைசிச் சம்பளச் சீட்டில். அதில் பல வரிகள் இருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. எடுக்காத விடுப்புக்குப் பணம் கொடுத்தால் அதற்கு சிபிஎஃப் உண்டு. அந்த ஆண்டுக்கான போனஸில் ஒரு பகுதி கிடைத்தால் அதற்கும் உண்டு. ஆனால் முன்னறிவிப்புக் காலத்துக்குப் பதிலாக முதலாளி கொடுக்கும் பணத்துக்கு இல்லை. ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கும் இல்லை. அது வேலைக்குக் கிடைத்த சம்பளம் அல்ல, வேலை போனதற்குக் கிடைப்பது என்பதே தர்க்கம். "மூணு மாசச் சம்பளம் குடுத்தாங்க, சிபிஎஃப் மட்டும் காணோமே" என்று கேட்பவர்கள், அந்தப் பணம் எந்தப் பெயரில் வந்தது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முன்னறிவிப்புக் கொடுக்காமல் கிளம்பியவர் முதலாளிக்குப் பணம் தரவேண்டியிருக்கும். அதைக் கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டாலும், கழிப்பதற்கு முந்திய முழுச் சம்பளத்துக்கும் சிபிஎஃப் கட்டவேண்டும். "சொல்லாம போயிட்டே, உனக்கு சிபிஎஃப் கிடையாது" என்பது கோபத்தில் வரும் பேச்சு, சட்டம் அல்ல. முதலாளி தன் பங்கை ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை.

மாதத் தொடக்கத்திலேயே விலகியவர்கள் கவனிக்க ஒன்று. கடைசி மாதத்தில் சில நாள் மட்டும் வேலை செய்து 400 வெள்ளிதான் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 50 வெள்ளிக்கு மேல், 500 வெள்ளிக்குள் இருந்தால் ஊழியர் பங்கு பிடிக்கக்கூடாது. முதலாளி மட்டும் 17 விழுக்காடு, 68 வெள்ளி, கட்டவேண்டும். பழைய பழக்கத்தில் 20 விழுக்காட்டைப் பிடித்திருந்தால் கேளுங்கள். அதே மாதத்தில் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டால், புது முதலாளி அவர் கொடுக்கும் சம்பளத்துக்குத் தனியாகக் கட்டுவார்.

இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி. அங்கே வேலை மாறினால் பழைய கணக்கிலிருந்த பிஎஃப் பணத்தைப் புதிய கணக்குக்கு மாற்றும் வேலை இருக்கும். இங்கே கணக்கு அடையாள எண்ணோடு ஒட்டியது. எத்தனை முதலாளி மாறினாலும் ஒரே கணக்கு. முதலாளி போட்ட பங்கும் போட்ட அன்றே உங்களுடையது, இத்தனை ஆண்டு வேலை செய்தால்தான் என்ற நிபந்தனை இல்லை.

புதிதாக நிரந்தரவாசி ஆனவர்களுக்கு முதல் ஆண்டில் முதலாளி 4, ஊழியர் 5 விழுக்காடு. இரண்டாம் ஆண்டில் 9, 15. வேலை மாறினால் இந்தக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்காது. வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு சிபிஎஃப் கிடையாது. லிட்டில் இந்தியாவின் சமையலறைகளில் நிற்கும் பலர் இந்தப் பிரிவுதான். அவர்கள் துரத்தவேண்டியது சம்பளத்தை.

சரி, ஒரு மாதம் தவறினால் அப்படி என்ன ஆகிவிடும்? வீவக வீட்டுக் கடனை சிபிஎஃப்பிலிருந்து கட்டும் குடும்பத்தைக் கேட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 1,110 வெள்ளியில் சாதாரணக் கணக்குக்குப் போவது 690 வெள்ளி. அது நின்றாலும் கடன் தவணை நிற்காது. இருப்பிலிருந்து போய்க்கொண்டே இருக்கும், தீர்ந்தபின் கையிலிருந்து ரொக்கமாகக் கட்டவேண்டும். வேலையில்லாத மாதத்தில் இதுதான் உண்மையான அடி.

நிறுவனமே திவாலானால்? கலைப்பின்போது சிபிஎஃப் பாக்கி முன்னுரிமைக் கடன்களில் ஒன்று. சாதாரணக் கடன்காரர்களுக்கு முன்னால் அது வரும். ஆனால் பெட்டியில் பணமே இல்லை என்றால் வரிசையில் முன்னால் நின்று பயனில்லை. அதனால்தான் நிறுவனம் தள்ளாடும்போதே மாதாமாதம் கணக்கைப் பார்ப்பது நல்லது என்று சொல்கிறோம். சம்பளம் தாமதமாக வரத் தொடங்கிய இடத்தில் சிபிஎஃப்பும் தாமதமாகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊழியர் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது கடுமையான குற்றம். 10,000 வெள்ளிவரை அபராதம், ஏழு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

புகார் கொடுக்கும் இடத்திலும் பலர் தடுமாறுகிறார்கள். சிபிஎஃப் வரவில்லை என்றால் மத்திய சேமநிதிக் கழகத்திடம் போகவேண்டும். சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல் மூடப்படும் முன்பே இவற்றைப் பதிவிறக்கம் செய்வது புத்திசாலித்தனம். சம்பளமே வரவில்லை என்றால் அது சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் போகும். வேலையை விட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே கோரிக்கை வைத்துவிடவேண்டும்.