மனச்சோர்வு பக்திக் குறைவன்று

வைகறையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்டு, வெள்ளிதோறும் தவறாமல் அம்மன் சந்நிதிக்குச் சென்று வந்தவர் ஓர் இல்லத்தரசி. சில வாரங்களாக அவர் படுக்கையை விட்டு எழவும் தயங்குகிறார். பூஜையறை விளக்கு ஏற்றப்படாமல் இருக்கிறது. வீட்டார் முதலில் சோம்பல் என்கின்றனர். பிறகு கண்ணேறு என்கின்றனர். இறுதியில், ‘பக்தி குறைந்துவிட்டது’ என்கின்றனர். தம்மைத் தாமே நொந்துகொண்டிருப்பவருக்கு அச்சொல் மேலும் ஒரு சுமையாகிறது. பல இல்லங்களில் நிகழ்வது இதுவே.

துயரம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. துயரம் அலைபோல் வந்து தணியும். பேரக்குழந்தையின் மழலை கேட்டால் சற்றே விலகும். மனச்சோர்வோ இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பொழுதும் நீங்காது நிற்கும். முன்பு மகிழ்வித்தவற்றில் நாட்டம் அற்றுப்போகும். உறக்கமும் பசியும் குறையும் அல்லது மிகும். சிறு வேலையும் மலையாகத் தோன்றும். மனம் ஒருமைப்படாது, தாம் பயனற்றவர் என்ற எண்ணம் வேரூன்றும். முதியோரிடம் அது உடல்வலியாகவும் மறதியாகவும், இளையோரிடம் எரிச்சலாகவும், ஆடவர் சிலரிடம் சினமாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு.

இதற்குக் காரணம் ஒன்றன்று. பரம்பரை, மூளையின் இயக்க மாறுபாடு, பிரிவு, கடன், தனிமை, மகப்பேற்றுக்குப் பிந்தைய மாற்றங்கள், நீண்டகால நோய் எனப் பல கூடி அதனை உண்டாக்குகின்றன. தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் பி12 குறைவும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும். ஆதலின் இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்துக் காவிரிக்கரையில் உள்ள குணசீலத்தில், மனம் கலங்கியோர் 48 நாள்கள் தங்கிப் பிரசன்ன வேங்கடாசலபதியை வழிபடுவதும், அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படுவதும் நெடுநாள் வழக்கம். இன்று அங்கு மனநல மறுவாழ்வு இல்லமும் உண்டு. வழிபாட்டோடு மருத்துவமும் சேர்ந்து நடைபெறுகிறது. தீர்த்தமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அத்தலமே சான்று.

மண்டல விரதத்தின் பொறுமையை அறிந்த குடும்பங்களுக்கு மருத்துவத்தின் பொறுமையும் எளிதில் விளங்கும். மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். சற்றுத் தெளிந்தவுடன் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர வேண்டும். பசியிழந்தவரை விரதமிருக்க வற்புறுத்துவதும், கூட்டத்தைக் கண்டு அஞ்சுபவரைத் திருவிழாவுக்கு இழுத்துச் செல்வதும் தகாது.

வாழ விருப்பமில்லை என்று ஒருவர் சொன்னால் அதனை வெறும் பேச்சென்று தள்ளலாகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கனிவோடு நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. அவரைத் தனியே விடாமல், உடனே மருத்துவ உதவி நாட வேண்டும். அரசின் ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அந்த இல்லத்தரசி விளக்கேற்ற இயலாத நாள்களில், மகனோ மருமகளோ ஏற்றட்டும். அவர் அருகில் அமர்ந்திருந்தால் போதும், வழிபாடு குறைவுபடாது. கை தேறியபின் அவரே ஏற்றுவார்.