பாட்டு சத்தமா இருந்தா போதுமா?

திண்டுக்கல் பக்கத்து அகரத்தில் முத்தாலம்மனுக்கு ஒரு பாட்டு போட நினைக்கிறவருக்கு இன்று ஸ்டுடியோ வாடகை கட்டாயமில்லை. லேப்டாப், மைக், ஹெட்போன் போதும். ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். ரீப்பரை 60 நாள் காசில்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம்.

குரல், உறுமி, தவில் என ஒவ்வொன்றின் அளவையும் சரிசெய்து கலப்பது மிக்ஸிங். கலந்த பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி மெருகு மாஸ்டரிங். இங்கேதான் பலர் 'இன்னும் சத்தமா வை'ன்னு ஏத்துறாங்க. அது வீண். ஒலி உரப்பு சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்ஸைத் தாண்டினால் யூடியூப் தானே குறைத்துவிடும். மிஞ்சுவது நசுங்கிய தவில் அடிதான்.

இருக்கிற காசை முதலில் அறைக்குச் செலவழிங்க. கனமான போர்வையைச் சுவரில் தொங்கவிட்டாலே எதிரொலி குறையும். அடுத்து, செல்போனில் போட்டுக் கேளுங்க. அந்தக் குட்டி ஸ்பீக்கரில் பேஸ் எடுபடாது. பாட்டின் வார்த்தை புரியுதான்னு அங்கே தெரிஞ்சிடும்.

கிராமி வென்ற பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம் பெரும்பாலும் வீட்டு அறையில் பதிவானது. ஆனால் மிக்ஸிங்கும் மாஸ்டரிங்கும் வேறு ஆட்கள் செய்தது. நாம் மிக்ஸிங்கை நாமே செய்யலாம். வெளியிடும் முன் இன்னொருத்தர் காதுக்கு மட்டும் கண்டிப்பா கொடுக்கணும். அதுக்குக் காசு தேவையில்லை.