வாய் கிழியும் மீனுக்கு ரப்பர் வைத்தியம்

கடலுக்கும் சக்குபள்ளத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இடுக்கி மாவட்டத்தின் இந்த ஏலக்காய் மலையில் ஜூன் பிறந்தால் 'ட்ரோலிங்' என்ற சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாட்கள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்கு மலையாளச் செய்திகள் வைத்திருக்கும் பெயர் 'ட்ரோலிங் நிரோதனம்'. கேரளத்தில் 1988-ல் ஆரம்பித்த இந்தத் தடை நிறுத்தி வைப்பது என்னவோ ட்ராலிங்கைத்தான். அதாவது கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியை. ட்ரோலிங் பாவம், வேறு தொழில். ஓடும் படகின் பின்னால், போலி இரை மாட்டிய தூண்டிலை இழுத்துச் செல்வது. ஓரெழுத்துக் குழப்பத்தில் அதற்குக் கெட்ட பெயர்.

இந்தத் தூண்டில்காரர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. வாய் மென்மையான மீனைப் பிடிக்கும்போது கயிற்றில் ஒரு ரப்பர் துண்டைச் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா?

தமிழகக் கடலில் இதற்கு நல்ல உதாரணம் வரிச்சூரை. வயிற்றில் கரும்பட்டைகள் ஓடும் இந்த மீன் உருவத்தில் முரடு, வாயோ பூஞ்சை. முள் தைத்த இடம் எளிதில் கிழிந்துவிடும். படகு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஓடுகிறது. மீன் கவ்விய கணத்தில் அது நிற்பதில்லை. மீன் ஒரு பக்கம் உதற, படகு மறுபக்கம் இழுக்க, அந்த ஒரு வெட்டில் முள் மட்டும் திரும்பி வரும். டீசல் போனது போனதுதான். தப்பிய மீனுக்கும் அது விடுதலை அல்ல. கிழிந்த வாயோடு அது எப்படி இரை பிடிக்கும்?

பசிபிக் தீவுகளின் சிறுபடகுக்காரர்கள் இதற்குப் பழைய டயர் ட்யூபை வெட்டித் தீர்வு கண்டார்கள். படகில் கயிறு கட்டும் இடத்தில் ரப்பர். அதற்குப் பக்கத்தில் தொய்வாக ஒரு காப்புக் கயிறு. வெட்டு விழும்போது முதலில் ரப்பர் நீளும். அதன் எல்லை முடிந்ததும் பாரத்தைக் கயிறு ஏற்றுக்கொள்ளும். கனத்த கயிறு நீளாது, கட்டையில் கட்டிய கயிறுக்கு விட்டுக்கொடுக்கவும் தெரியாது. அங்கே ரப்பர் அவசியம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் நைலான் நரம்பு அப்படியல்ல. தங்கூசி தானே ஒரு ரப்பர். அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் நீளக்கூடியது. நாற்பது மீட்டர் நரம்பு பின்னால் கிடக்கும்போது அரை முழ ரப்பரைச் சேர்ப்பது, மெத்தைக்கு மேல் கைக்குட்டை விரிப்பது போல. பின்னல் நரம்பு போட்டால் கதை மாறும். அது அநேகமாக நீளாது.

அமெரிக்காவின் மேற்கிலும் கனடாவிலும் ஏரிகளில் வாழும் கோகனி என்ற சால்மன் இந்த விவாதத்துக்குப் பெயர்போனது. ஒரு முழத்துக்குள் அடங்கும் மீன், காகிதம் போன்ற வாய். அதற்காகவே 'ஸ்னப்பர்' என்ற ரப்பர் குழாயை விற்கிறார்கள். ஆனால் அங்கே படகு ஆள் நடப்பதைவிட மெதுவாகப் போகிறது. வேகத்தின் வெட்டு குறைவு. எனவே பலர் நன்றாக வளையும் ஃபைபர் கோலே போதும், ரீலின் பிடியைத் தளர்த்தி வைத்தால் போதும் என்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரிதான்.

ஒரே ஓர் இடத்தில் தவிர. நரம்பு நீள்வது அதன் நீளத்தைப் பொறுத்தது. நாற்பது மீட்டரில் நான்கு மீட்டர் விட்டுக்கொடுக்கும் அதே நரம்பு, மீன் படகோரம் வந்து நான்கு மீட்டரே மிச்சமிருக்கும்போது ஒரு முழம்கூடக் கொடுக்காது. மீன் படகைக் கண்டு கடைசியாகத் துள்ளுவதும் அப்போதுதான். கோலில்லாமல் கையால் இழுப்பவருக்கு ரப்பரின் உதவி அங்கேதான் தேவை. படகு முனையில் கட்டிய ரப்பரோ அதற்குள் கைக்குப் பின்னால் போய்விடும்; நரம்புக்கும் இரைக்கும் நடுவில் கட்டினால்தான் பயன். ஒரு கைவலையும் தயாராக இருக்க வேண்டும்.

ரப்பர் முள் தைப்பதை மழுக்கிவிடும் என்ற புகார் நின்ற படகுக்குப் பொருந்தும். ஓடும் படகில் வேகமே முள்ளைத் தைத்துவிடுகிறது. அதைவிட, மீன் தலையை உதறித் தொய்வு ஏற்படுத்தும்போது ரப்பர் சுருங்கி அதை எடுத்துவிடுவது கூடுதல் லாபம். கிழிசல் பெரிதானபின் தொய்வு விழுந்தால் முள் தானாகக் கழன்றுவிடும்.

லட்சத்தீவின் மினிக்காயில் இந்த வழக்கே எழுவதில்லை. அங்கே இதே வரிச்சூரையை உயிர் இரை தூவிக் கூட்டி, எதிர்முள் இல்லாத தூண்டிலால் கோல் கொண்டு ஒரே வீச்சில் படகுக்குள் எறிகிறார்கள். வாய் கிழிய அவகாசமே இல்லை.

ட்யூப் ரப்பர் வெயிலிலும் உப்பிலும் சீக்கிரம் வெடிக்கும். இழுத்துப் பார்த்து வெள்ளைக் கீறல் தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். பஞ்சர் கடையில் கிடைக்கும் துண்டுக்குப் பெரிய செலவில்லை.