அழையாமல் வந்த பொதிகள்

சென்ற திங்கள் நம் சங்க நூலகத்துக் கணிப்பொறியைப் புதுப்பிக்க முற்பட்டபோது நேர்ந்த ஒரு சங்கடத்தை அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அக்கணிப்பொறி லினக்ஸ் வகைகளுள் ஒன்றாகிய டெபியனில் இயங்குவது. ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பின் பாடங்கள் யாவும் அதிலேதான் உள்ளன. இருக்கும் மென்பொருள்களுக்குப் புதிய பதிப்பையே நாம் வேண்டினோம்; கேளாத பொதிகள் பலவும் உடன் வந்து இறங்கின. வட்டில் இடம் குறைந்தது. பதறிய தொண்டர் ஒருவர், தாம் பெயர் அறியாத பொதியொன்றை நீக்கினார். அதனோடு எழுதும் மென்பொருளும் போய்விட்டது! மறுநாள் தேர்வு; வினாத்தாள் அச்சிட வழியில்லை.

பழைய கணிப்பொறிகளில் லினக்ஸை இட்டுப் பிள்ளைகளின் படிப்பிற்குப் பயன்படுத்தும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆதலின், இதன் காரணத்தை ஆராய்ந்து அறிதல் நலம்.

ஊரிலிருந்து பெரியவர் ஒருவர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வருவதாக எழுதுகிறார். நிலையத்திற்குச் சென்றால் நால்வர் இறங்குகின்றனர். ஒருவர், பார்வை குன்றிய அப்பெரியவருக்குத் துணையாக வந்தவர். அவரின்றிப் பயணமே இல்லை. மற்ற இருவரோ, ‘நாங்களும் தில்லியைப் பார்த்துவிட்டுப் போகிறோம்’ என்று புறப்பட்டவர்கள். பொதிகளிலும் இவ்விரு வகையினர் உண்டு. முதல் வகை ‘சார்பு’. அது இல்லாவிடில் கேட்ட மென்பொருள் இயங்காது. இரண்டாம் வகை ‘பரிந்துரை’; இருந்தால் நன்று, இல்லாவிடினும் பெரும்பாலும் குறைவில்லை. 2009-இல் வெளிவந்த டெபியன் 5.0 முதல், பரிந்துரைப் பொதிகளும் இயல்பாகவே நிறுவப்படுகின்றன. புதிய பதிப்பு ஒரு புதிய பரிந்துரையைச் சேர்த்துக்கொண்டால், புதுப்பிக்கும்போது அதுவும் வந்து சேரும்.

வேறு காரணங்களும் உள. கெர்னல் புதிதாகும்போது பழையதன் மேல் எழுதப்படாமல், தனிப் பொதியாகவே இறங்குவது வழக்கம். சில வேளை பழைய பெயரில் வேறொன்று வருவதும் உண்டு. 2019-இல் வெளிவந்த உபுண்டு 19.10-இல் குரோமியம் உலாவியின் பழைய பொதி பெயரளவில் நின்று, ஸ்னாப் என்னும் வேறு வடிவத்தைக் கொணர்ந்தது. 2020-இல் வந்த லினக்ஸ் மின்ட் 20, ஸ்னாப் அவ்வாறு தானே நுழையாதபடி தடை வைத்தது.

கட்டளைகளின் வேறுபாட்டையும் அறிதல் வேண்டும். ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ புதிய பொதி எதனையும் நிறுவாது. அதனை வேண்டி நிற்பவற்றைப் பழையபடியே நிறுத்தி வைக்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’ வேண்டிய புதியவற்றை நிறுவும், எதையும் நீக்காது. ‘ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்’ தேவையெனக் கண்டால் நீக்கவும் செய்யும்.

இனிச் செய்ய வேண்டுவன யாவை? ‘சிமுலேட்’ என்னும் குறிப்பைச் சேர்த்து முதலில் ஒத்திகை பார்க்கலாம். எதுவும் மாறாமல் பட்டியல் மட்டும் தோன்றும். அதில் ‘புதிதாக நிறுவப்படுவன’, ‘நீக்கப்படுவன’ என்னும் இரு பகுதிகளையும் நிதானமாகப் படித்த பின்னரே ‘ஆம்’ என்று விடை தருக. பரிந்துரைகள் வேண்டாவெனில் ‘நோ-இன்ஸ்டால்-ரெகமண்ட்ஸ்’ என்னும் குறிப்பு உண்டு. முன்பே வந்துவிட்ட பொதி எதன்பொருட்டு வந்தது என்பதை ‘ஆப்டிடியூட் வை’ என்று பொதியின் பெயரோடு கேட்டால் அறியலாம். ஆப்டிடியூட் என்னும் கருவியை மட்டும் முன்னதாக நிறுவியிருத்தல் வேண்டும். என்று, எந்தக் கட்டளையால், எவையெவை வந்தன, போயின என்னும் கணக்கு, ஆப்டின் வரலாற்றுப் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும். வெறும் இடநெருக்கடிதான் எனில், ‘ஆப்ட் கிளீன்’ என்பது இறக்கி வைத்த பொதிக்கோப்புகளை அகற்றி இடம் தரும், நிறுவியவற்றைத் தொடாது.

நம் தொண்டர் செய்த பிழை யாது? அவர் நீக்கியது சார்புப் பொதி. துணைவரை வழியனுப்பினால் பெரியவரும் உடன் புறப்படுவார் அல்லவா? ஒன்றைச் சேர்க்கும்போது அதைத் தாங்குவன உடன் வரும். ஒன்றை நீக்கும்போது அதனால் தாங்கப்படுவன உடன் போகும். நீக்குமுன்னும் பட்டியல் காட்டப்பட்டது. அதைப் படிக்கத்தான் பொறுமை இல்லை.

அன்றிரவு அப்பதிவேட்டைத் திறந்து, போனவற்றின் பெயர்களைக் குறித்தெடுத்து மீண்டும் நிறுவினோம். பாடக் கோப்புகளுக்கு ஊறு நேரவில்லை. பொதியை நீக்குவதால் நாம் எழுதி வைத்தவை அழிவதில்லை. பரிந்துரையால் வந்தவற்றுள் நமக்குப் பயன்படாத சிலவற்றை ஒவ்வொன்றாக விசாரித்த பின்னரே அகற்றினோம். வினாத்தாள் காலையில் அச்சாயிற்று. பிள்ளைகள் தேர்வு எழுதினர்.

தொண்டரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. முதலில் பட்டியலைப் படியாமல் ‘ஆம்’ என்றவர் நாமேயன்றோ!